மனச்சோர்வு மறுபடி வருமுன்

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற மீனவக் குடியிருப்பின் மூத்த மீனவர் எஸ். பாளையம் அன்றாடம் காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்துச் சொன்னவை குறிப்புகளாகப் பதிவாகியிருக்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் நாளின் குறிப்பும் அதில் முக்கியம். திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு நோய்க்கும் அப்படியொரு கவனிப்பு வேண்டும். நோய் தணிந்து நன்றாக இருக்கும் மாதங்களில்தான் அது அதிகம் வேண்டும். அப்போதுதான் எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம்.

சென்னையில் 25,455 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், 15.1 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு தெரிந்தது. வருமானம் குறைந்தவர்களிடம் அது இன்னும் கூடுதல். ஒருமுறை வந்து குணமானவர்களில் சுமார் பாதிப்பேருக்கு மறுபடி வருகிறது. இருமுறை வந்தவர்களுக்கு வாய்ப்பு மேலும் கூடுகிறது. முதல்முறை பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய இடி விழுந்திருக்கும். அடுத்தடுத்த முறைகளுக்குச் சின்ன அடியே போதும் என்கிறது ஒரு கருத்து.

யாருக்குத் திரும்பும்? முழுதாக விலகாமல் மிஞ்சி நிற்கும் அறிகுறிகளே வலுவான தடயம். விடியுமுன் மீன் எடுக்கப் போகிற ஒரு பெண் நள்ளிரவிலேயே விழித்துப் புரள்கிறார். கூடையைத் தூக்கவே மலைப்பாக இருக்கிறது. வாடிக்கைக்காரர்களிடம் பேரம்கூடப் பேசுவதில்லை. அவர் “அலுப்பு” என்பார். வீட்டிலிருப்பவர்களுக்கோ போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது என்று நினைவிருக்கும். அந்த நினைவை, அவர் நன்றாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து எழுதி வைப்பது நோய் திரும்புவதைக் கணிக்கும் எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை என்பேன்.

“நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?” என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தேடியது. நீண்டகாலம் மருந்து எடுத்து, நிறுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்குத் தேறியவர்களில், தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் யார் என்பதை முன்கூட்டியே நம்பிக்கையோடு சொல்ல இன்றைய அறிவியலால் முடியவில்லை. ஆகவே நிறுத்துவதை டாக்டரோடு பேசி, மெல்ல மெல்லக் குறைத்துத்தான் செய்ய வேண்டும்.

மருந்து மட்டுமே வழி என்றில்லை. மனதில் ஓடும் எண்ணங்களைப் பின்தொடராமல் கவனிக்கப் பழக்கும் எட்டு வாரப் பயிற்சி, மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டவர்களுக்கு உதவுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சுனாமியில் உறவுகளை இழந்த சென்னைக் கடலோர மக்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள். ஓராண்டுக்குப் பின் அந்த மக்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுக்காரரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது.

விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: நெருக்கடியின் தேதி முன்பே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு போகாது, கடன் ஏறும். ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்கள் மார்ச் மாதத்திலேயே ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடலாம். இடையில் தூக்கம் கெட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.