பூதக்கண்ணாடியின் பலமும் கேமராவின் எல்லையும்

நுண்ணிய மாதிரி உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவோர் பூதக்கண்ணாடியை நாடுவதற்குக் காரணம், இயல்பான கண்ணால் ஏறத்தாழ 25 செ.மீ.க்கும் நெருங்கிய பொருளைச் சிரமமின்றிக் காண இயலாமையே ஆகும். 10 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்சு, தன் குவியத்தில் வைக்கப்பட்ட பொருளை 2.5 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் உருப்பெருக்கம் கூடக்கூட, ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் முன்பின் தொலைவாகிய புல ஆழம் சுருங்குவதால், உருவத்தின் மூக்கு தெளிந்தால் காது மங்குகிறது. பூதக்கண்ணாடிக்குப் பதிலாகக் கேமராவைப் பயன்படுத்தி, அதன் துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடுமெனினும், ஒளி குறைவதோடு, துளை விளிம்பில் ஒளி வளையும் விளிம்பு விளைவால் நுட்பமும் மங்குகிறது. மேலும், ஒற்றைக் கேமராவின் தட்டைப் படத்தில், இரு கண்கள் இணைந்து உணரும் ஆழம் இல்லாமையால், தூரிகை முனையின் இடத்தைக் கணிப்பது கடினம். ஆகவே, தீட்டும்போது இருகண் உருப்பெருக்கியும், முடித்தபின் குறைகளை ஆராயக் கேமராவும் பயன்படுத்துவதே தக்கது.