உயர்வரையறை வட்டுப் போட்டி

உயர்வரையறை வட்டுப் போட்டி என்பது டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் திரைப்பட வட்டாக எது நிலைபெறுவது என்பதற்காக, ப்ளூ-ரே, எச்டி டிவிடி ஆகிய இரண்டு பதிவுமுறைகளுக்கு இடையே 2006 முதல் 2008 வரை நடந்த வணிகப் போட்டியாகும். சோனி உள்ளிட்ட பல நிறுவனங்கள் ப்ளூ-ரே பக்கமும், தோசிபா, என்இசி ஆகியவை எச்டி டிவிடி பக்கமும் நின்றன. 2008 பிப்ரவரி 19 அன்று தோசிபா எச்டி டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்ததுடன் போட்டி முடிந்தது.

இக்காலத்தில் திரைப்பட வட்டு வாங்குவோர் முன் மூன்று வழிகள் இருந்தன. பழைய டிவிடியையே வாங்கலாம். இரண்டு புதிய முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். போட்டி முடியும்வரை எதையும் வாங்காமல் காத்திருக்கலாம். பழைய முறையில் வாங்கியவரே நட்டப்படுவார் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நட்டப்பட்டவர்கள் புதிய முறைகளுள் தோற்றதை வாங்கியவர்களே. புதிய பிளேயர் பழைய வட்டைப் படிக்குமா, படிக்காதா என்பதே வாங்கியவரின் இழப்பைத் தீர்மானித்தது.

பின்னணி

வீட்டில் திரைப்படம் பார்க்கும் பழக்கம் ஒளிநாடாக்களால் பரவியது. சோனியின் பீட்டாமேக்சு 1975இலும், ஜேவிசியின் விஎச்எசு 1976இலும் வெளிவந்தன. இப்போட்டியில் விஎச்எசு வென்றது. டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது.

நாடாவிலிருந்து வட்டுக்கு மாறியபோது பழைய சேகரிப்பு புதிய கருவியில் ஓடவில்லை. டிவிடி பிளேயருக்குள் ஒளிநாடாவைச் செருக வழியில்லை. எனவே பழைய நாடாக்களை வைத்திருந்தவர்கள் வீடியோ டெக்கையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, டிவிடியின் விட்டம் இசைக் குறுவட்டைப் போலவே 12 சென்டிமீட்டர் ஆகும். அதனால் டிவிடி பிளேயர்களில் குறுவட்டுகளும் ஓடின.

டிவிடியின் படம் அமெரிக்க, ஜப்பானிய முறையில் 480 கிடைவரிகளையும், இந்தியா, ஐரோப்பா ஆகியவற்றின் முறையில் 576 கிடைவரிகளையும் கொண்டது. 1080 வரிகளைக் காட்டும் பெரிய தட்டைத் தொலைக்காட்சிகள் பரவியபோது டிவிடிப் படத்தின் மங்கல் கண்ணில் படத் தொடங்கியது. புதிய வட்டின் தேவை இவ்வாறு எழுந்தது.

தொழில்நுட்பம்

ஒளிவட்டில் தகவல்கள் மிகச் சிறிய பள்ளங்களாகச் சுருள் வரியில் பதியப்படுகின்றன. லேசர் ஒளி அவற்றின் மேல் பட்டுத் திரும்புவதைக் கொண்டு பிளேயர் தகவலைப் படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, அதை மேலும் சிறிய புள்ளியாகக் குவிக்க முடியும். நுண்முனைப் பேனாவால் எழுதும்போது ஒரே தாளில் அதிக வரிகள் அடங்குவதைப் போன்றது இது.

குறுவட்டில் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும், டிவிடியில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. புதிய முறைகள் இரண்டும் 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளியைப் பயன்படுத்தின. அவற்றின் கொள்ளளவு பின்வருமாறு:

டிவிடி: ஓரடுக்கில் 4.7 கிகாபைட்டு, ஈரடுக்கில் 8.5 கிகாபைட்டு
எச்டி டிவிடி: ஓரடுக்கில் 15 கிகாபைட்டு, ஈரடுக்கில் 30 கிகாபைட்டு
ப்ளூ-ரே: ஓரடுக்கில் 25 கிகாபைட்டு, ஈரடுக்கில் 50 கிகாபைட்டு

ஒளி ஒன்றாக இருந்தும் கொள்ளளவு வேறுபட்டதற்குத் தகவல் அடுக்கு அமைந்த ஆழம் ஒரு முக்கியக் காரணமாகும். எச்டி டிவிடியில் அது டிவிடியைப் போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. இதனால் டிவிடி ஆலைகளைச் சிறிய மாற்றங்களுடன் பயன்படுத்த முடிந்தது. ப்ளூ-ரேயில் அது 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே உள்ளது. இதனால் ஒளியை மேலும் கூர்மையாகக் குவிக்க முடிந்தது. ஆனால் கீறல் படாதிருக்க வட்டின் மேல் கடினப் பூச்சு தேவைப்பட்டது.

இருவகைப் பிளேயர்களிலும் சிவப்பு லேசரும் சேர்க்கப்பட்டிருந்ததால் டிவிடிகள் இரண்டிலும் ஓடின. ஆனால் ப்ளூ-ரே பிளேயரில் எச்டி டிவிடி ஓடாது. எச்டி டிவிடி பிளேயரில் ப்ளூ-ரே ஓடாது. 2007இல் எல்ஜி நிறுவனம் இரண்டையும் இயக்கும் பிளேயரை வெளியிட்டது. ஆயினும் அதன் விலை 1,000 டாலருக்கும் மேல் இருந்தது.

போட்டியின் போக்கு

2006 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த தோசிபாவின் எச்டி டிவிடி பிளேயர் 499 டாலருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயரின் விலை 999 டாலர். விலையை மட்டும் பார்த்தவர்களுக்கு எச்டி டிவிடியே ஏற்றதாகத் தோன்றியது. ஆனால் 2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேசுடேசன் 3 விளையாட்டுக் கருவியிலேயே ப்ளூ-ரே வசதி அமைந்திருந்தது. விளையாட்டுக்காக அதை வாங்கிய வீடுகளில் ப்ளூ-ரே பிளேயரும் கூடவே நுழைந்தது.

படநிறுவனங்களும் பிரிந்து நின்றன. சோனி, டிசினி, ஃபாக்சு ஆகியவை ப்ளூ-ரேயில் மட்டும் படங்களை வெளியிட்டன. யுனிவர்சல் எச்டி டிவிடியில் மட்டும் வெளியிட்டது. 2007 ஆகத்தில் பாரமவுண்டும் எச்டி டிவிடி பக்கம் முழுமையாகச் சாய்ந்தது. இதனால் ஒரே பிளேயரை வாங்கியவர் எல்லாப் படங்களையும் பார்க்க முடியாத நிலை ஏற்பட்டது. 2007 நவம்பரில் எச்டி டிவிடி பிளேயர் ஒன்று சில நாள் சலுகையாக 100 டாலருக்கும் கீழே விற்கப்பட்டது. அதன்பின் இரண்டு மாதங்களே கடந்திருந்தன. 2008 ஜனவரி 4 அன்று, அதுவரை இரு முறைகளிலும் படங்களை வெளியிட்டு வந்த வார்னர் நிறுவனம் ப்ளூ-ரேயை மட்டும் ஆதரிப்பதாக அறிவித்தது. பிப்ரவரியில் வால்மார்ட்டு, நெட்ஃபிளிக்சு ஆகியவையும் அதே முடிவுக்கு வந்தன.

வாங்கியவர்களின் நிலை

எச்டி டிவிடி வாங்கியவர்களின் வட்டுகள் ஒரே நாளில் பயனற்றுப் போகவில்லை. கையிலுள்ள பிளேயர் இயங்கும்வரை அவை ஓடின. ஆனால் புதிய படங்களும் புதிய பிளேயர்களும் வருவது நின்றுபோனது. பிளேயர் பழுதானால் சேகரிப்பு முழுவதும் முடங்கும் நிலை உருவானது. பெசுட்டு பை என்ற அமெரிக்கக் கடைத்தொடர், தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை வழங்கியது. வார்னர் நிறுவனம் 2009இல், தன்னுடைய எச்டி டிவிடி ஒவ்வொன்றுக்கும் 4.95 டாலரும் அஞ்சல் செலவும் பெற்றுக்கொண்டு ப்ளூ-ரே வட்டு தரும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது.

டிவிடி வாங்கியவர்களுக்கு இத்தகைய சிக்கல் எழவில்லை. போட்டியில் எது வென்றாலும் அவர்களின் வட்டுகள் புதிய பிளேயரில் ஓடும் என்பது உறுதியாக இருந்தது.

காத்திருத்தலின் விலை

எல்லாப் படங்களும் புதிய முறைக்கு உடனே வருவதில்லை. ஜேம்சு கேமரூன் இயக்கிய தி அபிசு, ட்ரூ லைசு ஆகிய படங்களின் டிவிடிகள் முறையே 2000, 1999 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அமெரிக்காவில் அவற்றின் ப்ளூ-ரே வட்டுகள் 2024இல்தான் வந்தன. நல்ல பதிப்புக்காகக் காத்திருந்தவர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது.

புதிய வட்டில் வந்துவிட்டால் படத்தின் தரம் கட்டாயம் உயரும் என்றும் கூற முடியாது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்ட படத்தில் டிவிடி காட்டுவதைவிட மிகுதியான நுணுக்கம் உள்ளது. அதைப் புதிதாக வருடி எடுத்தால் ப்ளூ-ரேயில் வேறுபாடு நன்கு தெரியும். ஆனால் 2002இல் வெளியான 28 டேசு லேட்டர் படத்தின் பெரும்பகுதி சாதாரண வரையறை கொண்ட டிஜிட்டல் ஒளிப்படக்கருவியால் எடுக்கப்பட்டது. மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்த வட்டாலும் தர முடியாது.

அனுமதி சார்ந்த வட்டுகள்

டிவிடியின் தொடக்கக் காலத்தில், 1998இல், டிவ்எக்சு என்ற முறை அமெரிக்காவில் அறிமுகமானது. சுமார் 4.50 டாலருக்கு வாங்கும் வட்டை முதன்முறை ஓட்டியதிலிருந்து 48 மணிநேரம் பார்க்கலாம். மேலும் பார்க்க விரும்பினால் மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். பிளேயர் தொலைபேசி இணைப்பின் வழியே நிறுவனத்தின் கணினியுடன் தொடர்புகொண்டு கணக்கிடும். 1999 ஜூனில் இத்திட்டம் கைவிடப்பட்டது. 2001 ஜூன் இறுதிக்குப் பின் அந்த வட்டுகள் ஓடவில்லை. வட்டும் பிளேயரும் பழுதின்றி இருந்தபோதும் அனுமதி தரும் கணினி நின்றுபோனதால் படம் போயிற்று. எச்டி டிவிடியின் தோல்வியைவிட இது கடுமையான இழப்பாகும்.

பிற்கால நிலை

2016இல் வந்த அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயின் படம் 3840க்கு 2160 படப்புள்ளிகள் கொண்டது. அதன் பிளேயர்களில் பொதுவாகப் பழைய ப்ளூ-ரே வட்டுகளும் டிவிடிகளும் ஓடுகின்றன. முந்தைய முறைகளில் இருந்த மண்டலக் கட்டுப்பாடு இதில் இல்லை. டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலத்திலும், ப்ளூ-ரேயில் சி மண்டலத்திலும் அடங்கும். அமெரிக்கா முறையே 1ஆம் மண்டலத்திலும் ஏ மண்டலத்திலும் அடங்கும். எனவே அங்கிருந்து வாங்கிவரும் வட்டு இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

புதிய பதிவுமுறை ஒன்று வரவிருக்கும்போது கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை தேடுவது பயன்தரும்.

1. புதிய பிளேயர் இப்போதுள்ள வட்டுகளைப் படிக்குமா? படிக்கும் என்றால் இன்று வாங்குவதால் இழப்பு சிறிதே.
2. புதிய முறைக்குப் போட்டி முறை உள்ளதா? இருந்தால், முடிவு தெரியும்வரை அதில் பெரும்பணம் செலவிடாதிருப்பது நல்லது.
3. விரும்பும் படம் புதிய முறையில் வருவது உறுதியா? அதன் மூலப்பதிவு போதிய தரம் உடையதா?
4. வட்டு தானாகவே ஓடுமா, அல்லது ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் அனுமதி தேவையா?
5. வட்டின் மண்டலமும் பிளேயரின் மண்டலமும் ஒன்றா?

2006இல் ஒருவர் வாங்கிய டிவிடி, கீறலின்றியும் பழுதின்றியும் இருந்தால், 2016க்குப் பின் வந்த பிளேயரிலும் ஓடுகிறது. அதே ஆண்டில் அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய எச்டி டிவிடிக்கு அந்த வாய்ப்பு இல்லை.