வீதியே ஆடுகளம்

கைபேசி வந்தது முதல் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்பது நம்மவர் இல்லங்களில் நித்தமும் கேட்கும் குறை. பிழைப்பை நாடி வந்த நகரில், நாலாவது மாடியில், அண்டை வீட்டாரின் மொழியும் சரிவரப் பிடிபடாத நிலையில் வளரும் குழந்தைக்குக் கைக்கெட்டிய துணை அதுவே அல்லவா? ஆயினும் அதே கருவி கோடிக்கணக்கான மக்களை வீதிக்கு அழைத்து வந்த வரலாறும் உண்டு. அதனை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

செயற்கைக்கோள்களின் உதவியால் ஒருவர் தாம் நிற்கும் இடத்தை அறிவது ஜி.பி.எஸ். முறை. அதில் பொதுமக்களுக்குக் கிடைத்த கணக்கை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடுத்தி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறலாம். 2000 மே 2 அன்று அத்தடை நீங்கிற்று. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டு நகருக்கு அருகே, ஒருவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டு மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் அறிவித்தார். தேடிக் கண்டவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டு வர வேண்டும். ‘ஜியோகேச்சிங்’ என்னும் இப்புதையல் வேட்டை உலகெங்கும் பரவிற்று. அன்று அதற்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. பின்னர் அக்கருவி கைபேசிக்குள்ளேயே புகுந்துகொண்டது.

2016 ஜூலையில் நியான்டிக் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘போக்கிமான் கோ’ இவ்வழியில் வந்ததே. ஜப்பானியக் கற்பனைப் பிராணிகளைத் தேடிப் பிடிப்பது ஆட்டம். திரையில் தெரிவது நாம் நிற்கும் தெருவின் வரைபடமே. சிலையும் பூங்காவும் பழைய கட்டடமும் ஆட்டத்தின் நிலையங்கள். முட்டை ஒன்று பொரிய வேண்டுமாயின் தொடக்கத்தில் 2, 5 அல்லது 10 கிலோமீட்டர் நடந்தாக வேண்டியிருந்தது. காரில் ஏறி விரைந்தால் அத்தூரம் கணக்கில் சேராது! இந்தியாவுக்கு இவ்வாட்டம் 2016 டிசம்பரில், ரிலையன்ஸ் ஜியோவின் கூட்டுடன் வந்தது. ஜியோ கடைகளும் உடனே ஆட்ட நிலையங்களாயின. வியாபாரத்துக்கு வழி சொல்லித் தர வேண்டுமா, என்ன?

இதனால் மக்கள் மெய்யாகவே நடந்தார்களா? அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வை அவ்வாண்டு டிசம்பரில் ‘பி.எம்.ஜே.’ என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடின. 6-ஆவது வாரத்தில் நடை பழைய அளவுக்கே திரும்பிற்று. புதுமையின் கவர்ச்சி அவ்வளவுதான் தாங்கும் போலும். 2018 ஜனவரி முதல் மாதந்தோறும் ஒரு நாளில் சில மணி நேரம் குறித்து, ஆடுவோர் வெளியே வந்து கூட வழி செய்யப்பட்டது. பிராணியைத் தேடி வந்தவர் அங்கே மனிதரைக் கண்டார். ஆட்டம் நிலைத்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது நம் கருத்து.

இனி, நாம் கூர்ந்து நோக்க வேண்டிய விவகாரம் ஒன்று. ஒரு நிலையத்தை எட்டுவதற்கு எவ்வளவு அருகில் செல்ல வேண்டும்? முதலில் 40 மீட்டர் என்று இருந்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது 80 மீட்டராக உயர்த்தினர். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் நியூஸிலாந்திலும் மீண்டும் 40 ஆக்கவே, ஆடுவோர் கொதித்தெழுந்தனர். சக்கர நாற்காலியில் வருவோருக்கு 80 மீட்டர் இருந்தால்தான் சில இடங்கள் எட்டும். மற்றவர்களுக்கும் நெரிசல் மிகுந்த சாலையைக் கடக்கும் ஆபத்து குறையும் என்றனர். அம்மாதமே நிறுவனம் இறங்கி வந்து 80 மீட்டரை நிலைநிறுத்திற்று.

கண்ணாமூச்சியிலும் பாண்டியிலும் சின்னஞ்சிறுவனுக்கென்று விதியைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். வழக்கு எழுந்தாலும் தெருவிலேயே தீர்ந்துவிடும். இங்கோ, நம் பிள்ளை சாலையைக் கடக்க வேண்டுமா என்பதைக் கடல் கடந்த ஓர் அலுவலகம் ஓர் எண்ணால் தீர்மானிக்கிறது. முறையிட்டால் செவிசாய்க்கும் என்பது ஆறுதல். எனினும் முறையிட்டாக வேண்டும். 2025-இல் இவ்வாட்டம் ஸ்கோப்லி என்னும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. இடங்களைப் படமாக்கும் தொழில்நுட்பம் மட்டும் தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஆடுவோர் தாமே முன்வந்து எடுத்தனுப்பிய இடக்காட்சிகளும் அத்தொழில்நுட்பத்துக்கு உரமாயின. பூங்காவைப் படமெடுத்து அனுப்பும் பிள்ளைக்கு இதைப் பெற்றோர் சொல்லி வைப்பது நலம்.

திரையை நோக்கியே நடப்போருக்கு நேரும் ஆபத்தும் சிறிதன்று. 2016-இல் போஸ்னியாவில், பழைய போரின் கண்ணிவெடிகள் புதைந்த பகுதிகளுக்குள் ஆடுவோர் சென்றுவிடக் கூடாதென எச்சரிக்கை விட நேர்ந்தது. நம் ஊர்களில் மூடாத சாக்கடையும் நடைபாதையில் ஏறி வரும் ஸ்கூட்டருமே போதும். ஆகவே சாலையோரத்தை விடுத்துப் பூங்காவைத் தேர்வதும், பகலில், நான்கு பேராகச் செல்வதும் நன்று. பெரியவர் ஒருவர் துணைக்குப் போவதானால் பெஞ்சியில் உட்கார்ந்துவிடாமல் அவரும் ஆடலாம். முட்டை பொரிய அவருக்கும் அதே தூரம்தான்.