மடியில் உட்காரும் பிள்ளைக்கும் தனி அடையாளம் வேண்டும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சிப்பாங் விமான நிலையத்தில் இப்படியொரு காட்சியைக் காணலாம். பெட்டிகள் எடை போடப்பட்டுவிட்டன. அப்பா, அம்மா இருவரின் மைகார்டுகளும் முகப்பில் இருக்கின்றன. குழந்தையின் பத்திரம் எங்கே என்று பணியாளர் கேட்கிறார். அம்மா அப்பாவைப் பார்க்கிறார். அப்பா பாட்டியைப் பார்க்கிறார். பத்திரமோ வீட்டு அலமாரியில் பூட்டியபடி கிடக்கிறது. "கைக்குழந்தைதானே, அதற்குமா கேட்பார்கள்?" என்று பாட்டி முணுமுணுக்கிறார்.

கேட்கத்தான் செய்வார்கள். பெரியவர்களின் அடையாளப் பத்திரம் "இவர் யார்?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். பிள்ளையின் பத்திரம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை யார்? என்ன வயது? யாருடைய பிள்ளை? இந்த மூன்றையும் பெற்றோர் புரிந்துகொண்டால் கடைசி நேரப் பதற்றம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

உள்நாட்டுப் பயணம்

மலேசியாவுக்குள் பறக்கும்போது 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் வேண்டும். தேசியப் பதிவு இலாகா 2003ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இளஞ்சிவப்பு அட்டைதான் மைகிட். அதில் பிள்ளையின் படம் இருக்காது. வளரும் பிள்ளையின் முகம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், படமும் கைரேகையும் 12 வயதில் மைகார்டு எடுக்கும்போதுதான் பதிவாகின்றன. 12 வயது நிறைந்த பிள்ளைக்கு மைகார்டு எடுக்காமல், பழைய மைகிட்டை வைத்துக்கொண்டே பயணத்துக்குக் கிளம்புவது பல குடும்பங்கள் செய்யும் தவறு.

சபா, சரவாக் செல்வோருக்கு இன்னொரு படி இருக்கிறது. 1963ஆம் ஆண்டு மலேசியா உருவானபோதே அவ்விரு மாநிலங்களும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் வசம் வைத்துக்கொண்டன. அதனால் கோத்தா கினபாலுவிலோ கூச்சிங்கிலோ இறங்கும் தீபகற்ப மலேசியர் குடிநுழைவு முகப்பைக் கடந்துதான் போக வேண்டும். குறுகிய காலச் சுற்றுலாவுக்கு மைகார்டு போதும். சிறு பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமோ மைகிட்டோ தேவை. அங்கே சீட்டு ஏதும் கொடுக்கப்பட்டால், திரும்பும் வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வயதை ஏன் கேட்கிறார்கள்?

இரண்டு வயது நிறையாத குழந்தை பெரியவரின் மடியில் உட்கார்ந்து பயணம் செய்யலாம். அதற்குக் கட்டணமும் குறைவு. இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை வேண்டும். குழந்தை கொஞ்சம் குள்ளமாக இருக்கிறதே என்று வயதைக் குறைத்துச் சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. இது பணத்தோடு முடியும் விஷயமல்ல. ஆபத்து நேரத்தில் கீழே இறங்கும் பிராணவாயு முகமூடிகள் இருக்கைக் கணக்கில் பொருத்தப்பட்டவை. மடிக் குழந்தைகளுக்கான கூடுதல் முகமூடிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கும். அதனால்தான் ஒரு விமானத்தில் எத்தனை மடிக் குழந்தைகளை ஏற்றலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. ஒரு பெரியவருக்கு ஒரு மடிக் குழந்தை என்ற விதியும் பாதுகாப்புக்காகத்தான்.

போகும்போது 23 மாதமும் திரும்பும்போது 24 மாதமும் ஆகியிருந்தால் என்ன செய்வது? பல விமான நிறுவனங்கள் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை கேட்கின்றன. சென்னை, திருச்சி என்று ஒரு மாதம் தங்கி வருவோர் டிக்கெட் வாங்கும் முன்பே பிறந்த தேதியையும் திரும்பும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வெளிநாடு என்றால்

பெற்றோரின் கடப்பிதழில் பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. இன்று ஒரு நபருக்கு ஒரு கடப்பிதழ் என்பதே அனைத்துலக விதி. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கும் அது பொருந்தும். மைகிட் அட்டை சிங்கப்பூர் விமானத்துக்குக்கூட உதவாது.

குழந்தைக்குக் கடப்பிதழ் எடுக்கக் குழந்தையையும் குடிநுழைவு இலாகாவுக்கு அழைத்துப் போக வேண்டும். பிறப்புப் பத்திரமும் பெற்றோரின் மைகார்டும் கையில் இருக்க வேண்டும். மணமுறிவு ஏற்பட்ட குடும்பமாக இருந்தால், பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும் நீதிமன்ற ஆணையையும் கொண்டு போவது நல்லது. பல நாடுகள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடப்பிதழைக் கேட்கின்றன. இந்தியாவுக்கான மின் விசாவும் அப்படித்தான். அந்த விசாவுக்குக் குழந்தையின் பெயரில் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. வீட்டில் கூப்பிடும் பெயரில் மாமா அவசரமாக டிக்கெட் போட்டுவிடுவார். எண் கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டிப் பதிந்த பெயர் டிக்கெட்டில் ஓர் எழுத்துக் குறைந்து நிற்கும். கடப்பிதழில் உள்ள எழுத்துகள்தான் டிக்கெட்டிலும் வர வேண்டும். 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதில் வரும் சாய்கோட்டை டிக்கெட் கணினி ஏற்பதில்லை. அதை எப்படி எழுத வேண்டும் என்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

யாருடைய பிள்ளை?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் நம் தாய்மார்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். மலேசியக் கடப்பிதழில் பெற்றோரின் பெயருக்கென்று இடம் கிடையாது. நம்மவர் பெயர் முறையில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அதன் அப்பாவின் பெயர் வருகிறது. அம்மாவின் பெயருக்குப் பின்னால் வருவது தாத்தாவின் பெயர். அம்மாவும் பிள்ளையும் தனியாகப் பயணம் செய்தால், இரண்டு கடப்பிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்களை இணைக்கும் ஒரு சொல்கூடக் கிடைக்காது. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். ஐயம் எழுவது இயல்பு. பிள்ளைக் கடத்தலைத் தடுப்பது அவரது கடமை.

ஒரு பத்திரம் இந்த ஐயத்தைப் போக்கிவிடும். அது பிறப்புப் பத்திரம். அப்பா, அம்மா இருவரின் பெயரும் அதில் இருக்கின்றன. கடப்பிதழ் இருக்கிறதே என்று அதை வீட்டில் விட்டுப் போகக் கூடாது. தென்னாப்பிரிக்கா 2015ஆம் ஆண்டில், பெற்றோர் இருவரின் விவரமும் உள்ள பிறப்புப் பத்திரத்தைச் சிறுவர்கள் கொண்டுவர வேண்டும் என்றே விதித்தது. வெளிநாட்டுச் சிறுவர்களுக்கு 2019ஆம் ஆண்டில் அது தளர்த்தப்பட்டது. பெற்றோர் துணையின்றி வரும் 15 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பிலிப்பீன்ஸ் சிறப்பு அனுமதி கேட்கிறது.

பெற்றோரில் ஒருவர் மட்டும் போகும்போதும், தாத்தா பாட்டியோ சித்தியோ பிள்ளையை அழைத்துப் போகும்போதும், ஒரு சம்மதக் கடிதம் கைகொடுக்கும். பிள்ளையின் பெயர், கடப்பிதழ் எண், அழைத்துப் போகிறவர் யார், எந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, சத்தியப் பிரமாண ஆணையரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

பத்திரமே இல்லாத பிள்ளைகள்

பத்திரத்தை மறந்து வந்தவர் வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம். பத்திரமே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். காலம் கடந்தால் அது தாமதப் பதிவாகி, கூடுதல் ஆவணங்களும் விசாரணையும் வந்துவிடும்.

பிறப்புப் பத்திரம் கிடைத்தவுடன் குடியுரிமை என்ற இடத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திருமணத்தைச் சட்டப்படி பதியாத தம்பதியர் இன்னும் இருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நடப்பில் உள்ளது. அம்மா வெளிநாட்டவராக இருந்து, பிள்ளை பிறக்கும்போது திருமணம் பதிவாகாமல் இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை சேராமல் போகலாம். முறைப்படி பதியாமல் தத்தெடுத்த பிள்ளைகளுக்கும் இதே சிக்கல். பள்ளிச் சேர்க்கையின்போதோ முதல் விமானப் பயணத்தின்போதோதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. தெரிந்தவுடன் பதிவு இலாகாவை நாட வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்குத்தான் பாரம்.

ஆகவே, பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றே அலமாரியைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், மைகிட், கடப்பிதழ், பெற்றோரின் திருமணப் பத்திரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பெயரின் எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா, கடப்பிதழ் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முகப்பில் நிற்கும்போது பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது. அதற்காகப் பேச வேண்டியது பெற்றோர் எடுத்து வைக்கும் பத்திரம்தான்.