மெய்நிகர் இயந்திரங்களும் கொள்கலன்களும்: செஞ்சிக் கோட்டை வழியே ஒரு விளக்கம்

மெய்நிகராக்கம் என்பது ஒரே சர்வரைப் பல சர்வர்கள்போல் பிரித்து இயக்கும் முறை. பிரித்துத் தரும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்; பிரித்துக் கிடைக்கும் ஒவ்வொன்றும் மெய்நிகர் இயந்திரம். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. லினக்ஸ் கெர்னலில் இதற்கான கேவிஎம் வசதி 2007இல் சேர்க்கப்பட்டது.

இதன் தேவை மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையதளத்தைத் திறக்கிறார்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை. ஒரு காலைக்காகச் சர்வர்களை வாங்கி ஆண்டு முழுதும் சும்மா வைக்க முடியாது. அரசுத் துறைகள் சர்வர்களைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ள, தேசியத் தகவலியல் மையம் 2014 பிப்ரவரியில் தேசிய மேகக் கணிமையைத் தொடங்கியது. அது ‘மேகராஜ்’ திட்டத்தின் ஒரு பகுதி.

கன்டெய்னர் எனப்படும் கொள்கலன் வேறு வகை. மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், தனி கெர்னல் உண்டு. கொள்கலன்கள் எல்லாம் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றன் கோப்புகளும் செயல்முறைகளும் மற்றதன் கண்ணில் படாமல் கெர்னல் மறைக்கிறது. எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் என்பதற்கும் அதுவே வரம்பு வைக்கிறது. தனி இயங்குதளம் ஏற வேண்டியதில்லை என்பதால் கொள்கலன் நொடிகளில் எழுந்து நிற்கும். இம்முறையைப் பரவலாக்கிய டாக்கர் 2013இல் வந்தது. பல கணினிகளில் நூற்றுக்கணக்கான கொள்கலன்களை மேய்க்கும் குபெர்நெட்டிஸை 2014இல் கூகுள் வெளியிட்டது.

இந்த வேறுபாட்டை விளக்க, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி அரண். மூன்றையும் இணைக்கும் வெளிமதில். இவை மெய்நிகர் இயந்திரங்கள். ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம் ஆகியவை தனித்தனிக் கட்டடங்களாக, ஆனால் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. இவை கொள்கலன்கள். அந்த மதிலில் ஓட்டை விழுந்தால் மகாலுக்கும் லாயத்துக்கும் ஒரே கதிதான்.

இது வெறும் உவமையல்ல. 2019 பிப்ரவரியில், டாக்கர் உள்ளிட்டவை பயன்படுத்தும் ‘ரன்சி’ என்ற கருவியில் ஒரு குறை வெளியானது. தீய நோக்கத்துடன் தயாரிக்கப்பட்ட ஒரு கொள்கலன், தன்னை இயக்கும் கணினியில் உள்ள ரன்சி கோப்பையே மாற்றி எழுதி, அக்கணினியின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடிந்தது. கொள்கலன்கள் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருந்திருந்தால் சேதம் அந்த இயந்திரத்தோடு நின்றிருக்கும். எனவே இரண்டில் எது சிறந்தது என்ற வாதத்தில் பயனில்லை. ஒன்றுக்குள் மற்றொன்றை வைப்பதே நடைமுறை. அதுவும் முழுக் காப்பு ஆகாது. 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை மூன்று மலைகளையும் தனித்தனியே ஏறிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரே இரவில் பிடித்துவிட்டது.

64 ஜிபி நினைவகமுள்ள ஒரே சர்வர் ஒரு கல்லூரியில் இருப்பதாகக் கொள்வோம். ஹைப்பர்வைசருக்கு 8 ஜிபி. மதிப்பெண் தரவுத்தளத்துக்குத் தனி மெய்நிகர் இயந்திரம், 16 ஜிபி. நூலகப் பக்கம், வருகைப்பதிவு போன்றவை கொள்கலன்களாக இன்னொரு இயந்திரத்தில், 24 ஜிபி. மாணவர் பயிற்சிக்கு 8 ஜிபியில் மூன்றாவது இயந்திரம். எதையும் நிறுவிப் பார்ப்பவர்களை மதிப்பெண்களோடு ஒரே மதிலுக்குள் விடக் கூடாது. மீதி 8 ஜிபியைப் பகிராமல் விடுவது நல்லது. முழுவதையும் பங்கிட்டுவிட்டால் நெருக்கடியில் கை கொடுக்க ஒன்றும் இராது. புராக்ஸ்மாக்ஸ் போன்ற திறமூல மென்பொருளில் இதைச் செலவின்றி அமைக்கலாம். விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி, நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிய பின் இவற்றின் மீது கவனம் கூடியது.

பலரும் சறுக்கும் இடம் தரவு. கொள்கலனை நீக்கினால் அதற்குள் எழுதியதும் போகும். தரவை ‘வால்யூம்’ எனப்படும் தனிச் சேமிப்பில் வைக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தின் ‘ஸ்னாப்ஷாட்’ பெரும்பாலும் அதே வட்டில் இருப்பதால் அது காப்புநகல் ஆகாது. காப்புநகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியபோது 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அவற்றில் பலவற்றைப் பின்னர் மீட்க முடிந்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்புக்கு வெளியே நகல் இல்லை. அது எரிந்தே போனது.