பொறி செய்வது சுலபம்; பிடித்த பிறகு?

வானொலியில் காலை நேரத்தில் “உங்கள் தாமானில் பெரிய தொல்லை எது?” என்று கேட்டால், தண்ணீர்த் தடை, சாலைக் குழி, பக்கத்து வீட்டு நாய் என்றுதான் பதில் வரும் என எதிர்பார்ப்போம். ஈப்போ, செம்மோர், பத்துகாஜா, சுங்கை சிப்புட் பக்கமிருந்து பேசுகிறவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: பறவைகள். காயப்போட்ட வடகத்தைக் காகம் கொத்துகிறது. கார் கூரையெல்லாம் புறா எச்சம். கூரை இடுக்கில் மைனா கூடு கட்டி, அந்தக் குப்பை மழைநீர்க் குழாயை அடைக்கிறது. மாமரத்தில் பழுத்த பழம் ஒன்றுகூட முழுசாகக் கைக்கு வருவதில்லை.

அடுத்த கேள்வியும் தவறாமல் வரும். “வீட்டிலேயே ஒரு பொறி செஞ்சு வச்சா என்ன?”

செய்யலாம். கம்பி வலை, நான்கு கட்டை, ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஆனால் சுத்தியலை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். வருவது எந்தப் பறவை? சட்டம் என்ன சொல்கிறது? பிடித்த பிறகு அதை என்ன செய்வது? பலர் மூன்றாவது கேள்வியை யோசிப்பதே பறவை கூண்டுக்குள் படபடக்கும்போதுதான்.

நம்மோடு கப்பலேறிய காகம்

நம் நாட்டில் ஊருக்குள் திரியும் சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணின் பறவை அல்ல. 1890களின் இறுதியில், சிலாங்கூரில் காப்பித் தோட்டங்களைப் புழு அரித்தபோது, அந்தப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளான் பகுதியில் விட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அன்று போட்ட கணக்கு அது. புழுவும் பிரேசில் காப்பியின் போட்டியும் சேர்ந்து காப்பியை ஒழித்தன. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காகம் மட்டும் போகவில்லை.

அந்த ரப்பருக்கும் நம் பேராக்கிற்கும் பழைய உறவு உண்டு. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு தோட்டங்கள் பெருகின. பால் மரம் வெட்ட நம் முன்னோர் வந்தார்கள். நம் பாட்டன்மார் கடந்த அதே கடலைத்தான் காகமும் கடந்தது. அவர்கள் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். அது குப்பைத் தொட்டியைக் கண்டுபிடித்து ஊர் ஊராகப் பரவியது. காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. விடியற்காலையில் உங்களை எழுப்பும் அந்தக் கூவலுக்கும் காகம்தான் ஒரு காரணம்.

ஒரு தொல்லையை ஒழிக்கக் கொண்டுவந்த மருந்தே தொல்லையான கதை உலகில் வேறிடங்களிலும் உண்டு. சீனாவில் 1958இல் தானியத்தைத் தின்கிறது என்று சிட்டுக்குருவிகளை ஊரே திரண்டு ஒழித்தது. குருவி தின்றுவந்த பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. 1960இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, அந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

லயத்தில் கோழி, தாமானில் காகம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பறவை பிடிப்பது புதிதல்ல. கையில் லாஸ்டிக் இல்லாத பையனை லயத்தில் பார்க்க முடியாது. குச்சியில் சாய்த்து வைத்த கூடை, அதில் கட்டிய கயிறு, கீழே கொஞ்சம் அரிசி: இது ஒரு வகை. நைலான் நூலில் சுருக்குப் போட்ட கண்ணி இன்னொரு வகை. பலாப்பாலைக் காய்ச்சிக் கிளையில் தடவும் பசை மூன்றாவது. இவையெல்லாம் தொல்லைக்காக வைத்தவை அல்ல. காடையோ புறாவோ சிக்கினால் அன்று இரவு குழம்பில் கிடக்கும். பிடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

மிச்சச் சோற்றைப் பின்வாசலில் கொட்டும் பழக்கமும் அங்கே தொல்லையாகவில்லை. லயத்துக் கோழிகள் ஐந்து நிமிடத்தில் சுத்தம் செய்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டாடப்பட்டு, நாம் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது கோழி வரவில்லை. கொட்டும் பழக்கம் வந்தது. கோழியின் இடத்தைக் காகமும் மைனாவும் எடுத்துக்கொண்டன. வேலியில் தொங்கும் குப்பைப் பை, சாப்பாட்டுக் கடையின் பின்பக்கச் சாக்கடை, பூனைக்கு வைத்த தட்டு எல்லாம் அவற்றுக்குப் பந்தி.

சட்டம் எங்கே நிற்கிறது?

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல பறவைகளைப் பாதுகாக்கிறது. கம்பித் தூக்கிலே விரும்பி வளர்க்கப்படும் மெர்போக் புறாவைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். சுருக்குக் கண்ணி வைப்பது அதே சட்டத்தின்படி குற்றம். தாத்தா காலத்து நைலான் சுருக்கை நினைவாகக்கூட வாசலில் கட்டாதீர்கள். காற்றுத் துப்பாக்கிக்கும் நம் நாட்டில் உரிமம் தேவை.

கூண்டுப் பொறிக்குள் சிக்கிய பறவை உங்கள் பொறுப்பில் வந்துவிடுகிறது. அதைத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் வாடவிட்டாலோ சித்திரவதை செய்தாலோ, 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பேசும். அதன்படி 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே கூண்டு செய்யும் எண்ணம் இருந்தால் முதலில் பறவையைப் படமெடுத்துப் பெர்ஹிலித்தானிடம் காட்டிக் கேளுங்கள். காகமும் மாடப்புறாவும் கூட்டமாக வந்தால் ஈப்போ மாநகர் மன்றத்துக்கோ உங்கள் மாவட்ட மன்றத்துக்கோ எழுதுங்கள். கிள்ளான் போன்ற ஊர்களில் மன்றங்களே உரிமம் பெற்றவர்களை வைத்துக் காகங்களைச் சுட்டிருக்கின்றன. அது தனியாள் கையில் எடுக்கும் வேலை அல்ல.

பொறி எப்படி வேலை செய்கிறது?

காகத்துக்கு உலகம் முழுவதும் பயன்படும் பொறி ஓர் அறை அளவிலான கம்பிக் கூண்டு. அதன் கூரை நடுவில் தாழ்ந்து, ஏணிபோல் குறுக்குச் சட்டங்களோடு இருக்கும். இரையைப் பார்த்த காகம் இறக்கையை மடக்கிக்கொண்டு சட்டங்களுக்கு இடையில் ‘தொப்’பென்று இறங்கும். வெளியேற வேண்டுமானால் இறக்கையை விரித்து மேலே பறக்க வேண்டும். விரித்த இறக்கை அந்த இடைவெளியில் நுழையாது. பூட்டு, ஸ்பிரிங் எதுவும் இல்லை. பறவையின் உடலமைப்பே கதவாகிறது.

புறாவுக்குச் சின்னக் கூண்டு போதும். வாயிலில் வரிசையாகக் கம்பிகளைத் தொங்கவிடுவார்கள். உள்ளே தள்ளினால் விலகும். வெளியே தள்ளினால் கீழ்ச்சட்டத்தில் முட்டி நிற்கும். தானியத்தைச் சில நாள் வாயிலைத் திறந்தே வைத்துப் பழக்கிய பிறகுதான் கம்பியைத் தொங்கவிடுவார்கள்.

இரண்டுக்கும் விதி ஒன்றுதான். உள்ளே நிழல், தண்ணீர், தீனி கட்டாயம். காலையும் மாலையும் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும் நாளில் பொறி திறந்தே கிடக்க வேண்டும். குண்டுக்கரிச்சானோ கொண்டைக்குருவியோ தவறி நுழைந்திருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். எலிப்பசையைப் பறவைக்கு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் ஒட்டிய பறவை இறகு பிய்ந்து அணு அணுவாகச் சாகும். விஷம் இன்னும் மோசம். செத்ததைத் தின்னும் பூனை, பக்கத்து வீட்டு நாய், அடுத்தது யார் என்று சொல்ல முடியாது. அது குழந்தைகள் விளையாடும் முற்றம்.

பிடித்த பிறகு?

இனி அந்த மூன்றாவது கேள்வி. புறாவைக் காரில் ஏற்றித் தம்புன் தாண்டி விட்டுவிட்டு வந்தால், சில சமயம் உங்களுக்கு முன்பே அது வீட்டுக் கூரையில் இருக்கும். கடிதம் கொண்டுபோகப் புறாவைப் பழக்கியதே அந்தத் திறமையை நம்பித்தான். காகத்தை வேறு ஊரில் விடுவது நம் தொல்லையை அந்த ஊருக்கு அனுப்புவது. கொல்வதென்றால் வலியில்லாமல் செய்யத் தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதற்கு ஆளும் இல்லை, மனமும் இல்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியே பத்துக் காகத்தை அகற்றினாலும், தீனி அங்கேயே இருக்கும் வரை அடுத்த தெருக் காகம் வந்து அந்த இடத்தை நிரப்பும். தண்ணீர்க் குழாய் திறந்திருக்கத் தரையைத் துடைக்கும் வேலை அது. அதனால்தான் பொறி கடைசி வேலை. முதல் வேலை தீனியையும் கூடு கட்டும் இடத்தையும் மூடுவது.

தமிழர் மரபும் இதையே சொல்கிறது. தினைப்புனம் காத்த பெண்கள் பரண்மேல் நின்று தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளை ஒலித்துக் கிளிகளை விரட்டியதைக் குறிஞ்சிப்பாட்டு காட்டுகிறது. கிளியைக் கொன்று தினையைக் காக்கவில்லை. தினையை விட்டுக் கிளியை அகற்றினார்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

குப்பை: பையை வேலியில் தொங்கவிடாமல் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். மூடியின்மேல் ஒரு செங்கல் வைத்தால் காகம் திறக்காது. லோரி வரும் நாள் காலையில் மட்டும் வெளியே வையுங்கள்.

கூரை இடுக்கு: வலை போட்டு மூடலாம். புறாவுக்கு 5 சென்டிமீட்டர் கண், மைனாவுக்கு 2.8 சென்டிமீட்டர், சிட்டுக்குருவிக்கு 1.9 சென்டிமீட்டர் கண் உள்ள வலை பொருந்தும். வலை இறுக்கமாக இருக்க வேண்டும்; தொளதொளவென்று தொங்கினால் பறவை சிக்கிச் சாகும். மூடுவதற்கு முன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பறக்கும் வரை பொறுங்கள்.

விளிம்பு: ஏர்கோன் பெட்டி, ஜன்னல் விளிம்பு ஆகியவற்றில் 45 பாகைச் சரிவாக ஒரு பலகை வைத்தால் புறாவுக்குக் கால் நிற்காது.

பழம்: பீடோர் கொய்யாத் தோட்டங்களில் காய்க்கே பை மாட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாங்காய்க்கும் அதே முறைதான். காகிதப் பை போதும். மேல்கிளைப் பழம் நாலைந்தைப் பறவைக்கென்று விட்டுவிடுங்கள். அவ்வளவு உயரம் எப்படியும் ஏறமாட்டீர்கள்.

மிரட்டல்: பழைய சிடி தட்டு, மினுங்கும் நாடா, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் சில நாள்தான். பறவை பழகிவிடும். இடத்தை அடிக்கடி மாற்றினால் இன்னும் சில நாள் தாங்கும்.

எச்சம்: காய்ந்த புறா எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் இருக்கலாம். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்து, பிறகு வழித்தெடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் இந்த வேலையைத் தொட வேண்டாம். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவ இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

குஞ்சு பறக்கும் பருவத்தில் காகம் தலையில் கொத்த வந்தால், அந்தச் சில நாள் குடை பிடித்து நடப்பதே போதும்.

அமாவாசைச் சோறு

தமிழ் வீடுகளில் இதில் ஒரு சங்கடம் உண்டு. காகத்தைத் தொல்லை என்று மன்றத்துக்கு எழுதுகிறவரும் அமாவாசையன்று “கா, கா” என்று அழைத்துச் சோறு வைக்கிறார். அது முன்னோர்க்கு வைக்கும் உருண்டை. “அதை நிறுத்து” என்று எந்த மருமகளும் மாமியாரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை.

ஒரு கைப்பிடி, ஓர் இலை. வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். காகம் எடுத்ததும் மீதியை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். தொல்லை தருவது மாதம் ஒருமுறை வைக்கும் அந்த உருண்டை அல்ல. தினமும் மதிலில் கொட்டும் பழைய சோறு. அக்கம்பக்கத்தில் மலாய்க்காரர், சீனர் வீடுகள் இருக்கும். வாசலில் சோறு கிடப்பதன் காரணம் அவர்களுக்குத் தெரியாது. எச்சம் மட்டும் அவர்கள் காரில் விழுகிறது. ஒருமுறை போய் விளக்கிவிட்டு, சுத்தமாகவும் வைத்துக்கொண்டால் புகார் பாதியில் நிற்கும். கோயில் வாசலில் புறாவுக்குத் தானியம் இறைப்பவர்களுக்கும் இது பொருந்தும். புறாவுக்குத் தீனி போடுவோர்க்கு அபராதம் விதிக்கும் மன்றங்களும் நாட்டில் உண்டு.

ஒரு வீடு மட்டும் தொட்டியை மூடினால் காகம் அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். தெருவின் புலனக் குழுவில் இதைப் பேசுங்கள். பத்து வீடு சேர்ந்து மூன்று வாரம் குப்பையையும் தீனியையும் அடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் கூட்டம் குறையவில்லையென்றால், தேதியோடு படம் எடுத்து, பத்து வீட்டுக் கையெழுத்தோடு மன்றத்துக்கு அனுப்புங்கள். கூண்டு வைப்பதா வேண்டாமா என்பதை அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லட்டும். வாங்கி வைத்த கம்பி வலை வீணாகாது. கூரை இடுக்கை அடைக்க அது போதும்.