பாதம் தரையைத் தொடும் முன்பே

2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கோ. லட்சுமணனையும், 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற லோ. சூர்யாவையும் தந்தது புதுக்கோட்டை மாவட்டம். அங்கே மேடுபள்ளமான தரையில் பயிலும் ஓட்டக்காரர்களுக்கும் கபடிக்காரர்களுக்கும் கணுக்கால் பிசகுவது புதிதன்று. வீக்கம் வடிந்ததையே குணமென்று எண்ணிக் களமிறங்குவோருக்கு அதே கால் மறுபடியும் பிசகுவதே கவலைக்குரியது.

பாதம் உட்புறமாக மடங்கும்போது, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்களில் வெளிக்கணுக்காலின் முன்புறம் உள்ளதே பெரும்பாலும் முதலில் கிழிகிறது. எலும்பு முறிந்துள்ளதா என்பதே முதல் கேள்வி. கனடாவில் உருவாகி 1992இல் வெளியான ஒட்டாவா விதிகளின்படி, அடிபட்ட உடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்துவைத்து நடக்க இயலாவிட்டாலோ, கணுக்கால் முண்டுகளின் பின்விளிம்பிலோ நடுப்பாதத்தின் குறிப்பிட்ட இரு எலும்புகளிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. அது தெளிவாகும் முன் சுளுக்கு நீவுவது ஆபத்து. தசைநாரின் கிழிசலோ, வீக்கம் தணியும் நான்காம் ஐந்தாம் நாளில்தான் கைக்குத் தெளிவாகப் புலப்படும்.

கணுக்கால் பிசகுவதில் வியப்பூட்டுவது காலக்கணக்கு. மடங்கலை உணர்ந்த நரம்புச் செய்தி தண்டுவடம் சென்று திரும்பி, காலின் வெளிப்புறத்துப் பெரோனியல் தசைகளைத் தூண்ட ஏறக்குறைய 60 முதல் 80 மில்லி நொடி ஆகிறது. தூண்டப்பட்ட தசை இழுவிசையைத் திரட்ட மேலும் சில பத்து மில்லி நொடிகள் வேண்டும். அதற்குள் தசைநார் கிழிந்துவிடக்கூடும். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவர், சக்கரம் விலகிய பின் கட்டையைத் தேடுவதில்லை. வடத்தின் இழுப்பையும் தெருவின் சரிவையும் கணித்து, சக்கரம் வரும் முன்பே கட்டையோடு நிற்கிறார். தெருவை அறியாத புதியவரோ கட்டை கையிலிருந்தும் பிந்துகிறார். அவ்வாறே மூளையும், பாதம் தரையைத் தொடும் முன்பே பெரோனியல் தசைகளை இறுக்கி வைக்கிறது. பிசகிய காலில் இந்த முன்னிறுக்கம் பிறழக்கூடும் என்பதால், தசைக்கு வலுவூட்டுவது மட்டும் போதாது. இந்த முன்கணிப்பையும் மீண்டும் பழக்க வேண்டும்.

கிழிந்த தசைநாரின் உணர்நரம்புகள் சிதைவதே மறுபிசகுக்குக் காரணம் என்று 1965இல் இங்கிலாந்து மருத்துவர் ஃப்ரீமன் கூறிய விளக்கம் இன்று முழுமையானதாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் அவர் முன்வைத்த சமநிலைப் பயிற்சி நிலைத்துவிட்டது. வலி பொறுக்கும் அளவில் விரைவில் பாரம் ஏற்றி நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, அசையும் பலகை, பிறகு குதித்து இறங்குதல், திசை மாற்றி ஓடுதல் என்று வாரக்கணக்கில் அது வளர்கிறது. பனிக்கட்டியும் வலிநீக்கித் தெளிப்பும் வலியைத் தணிக்கலாம், முன்கணிப்பைக் கற்பிக்க மாட்டா.

மூன்றே நாளில் களம் என்னும் வாக்குறுதிகள் நம்பத்தக்கவை அல்ல. 2023 அக்டோபர் 19 அன்று புணேயில் கணுக்காலில் காயமுற்ற இந்தியக் கிரிக்கெட் வீரர் ஹர்திக் பாண்டியா, விரைவில் திரும்புவார் என்று எதிர்பார்க்கப்பட்டும், நவம்பர் 4 அன்று உலகக் கோப்பையிலிருந்தே விலக நேர்ந்தது. திரும்பும் நாளை நாட்காட்டி முடிவுசெய்ய இயலாது. ஒற்றைக்காலில் குதித்து இறங்கும்போது பிசகிய கால் மற்றக் காலுக்கு நிகராக நிலைகொள்கிறதா என்பதே பயிற்சியாளர் பார்க்க வேண்டியது.